பார்த்தவர் சொன்ன சொல்: கிறிஸ்தவ விசுவாசம் எதிலிருந்து தொடங்கியது?

சந்தூர்ப் பக்கத்து நாற்றுப்பண்ணைகளில் மாங்கன்று வாங்குகிறவர் மாம்பழத்தைப் பார்த்து வாங்குவதில்லை. முழங்கால் உயரத்தில் ஒரு குச்சி, ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி ஒரு பாலித்தீன் நாடா, உச்சியில் சில இலைகள், இவ்வளவே அவர் கண்ணுக்குத் தெரிகிறது. ‘இது செந்தூரா, அது பெங்களூரா’ என்று பண்ணைக்காரர் சொல்கிற சொல்லை வைத்துத்தான் அவர் குழி எடுக்கிறார், எரு போடுகிறார், கோடைகளைத் தாண்டித் தண்ணீர் ஊற்றுகிறார். சொன்ன ரகம் சரிதானா என்பது மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துக் காய்ப்பு வரும்போதுதான் தெரியும். இதை மூடநம்பிக்கை என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எவரும் ஏளனம் செய்வதில்லை. நிரூபிக்கப்பட்ட உண்மை என்று சாதிப்பவரும் இல்லை. இரண்டிலும் சேராத இந்த நிலையில்தான் நம் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிகிறது என்றாலும், அதற்கென்று ஒரு பெயர் வைத்துப் பேசும் பழக்கம் நமக்கு இல்லை.

கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிய பேச்சு குழம்பிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆதாரமே இல்லாததை நம்புவதற்குப் பெயர்தான் விசுவாசம் என்று வெளியிலிருக்கும் ஒரு சாரார் சொல்கிறார்கள். ஆதாரம் கேட்பதே விசுவாசக் குறைவு என்று சபைக்குள் இருக்கும் சிலர் சொல்கிறார்கள். எதிரெதிராக நின்று பேசுவது போலத் தோன்றினாலும், விசுவாசத்துக்கும் ஆதாரத்துக்கும் தொடர்பில்லை என்பதில் இருவரும் ஒன்றுபட்டுவிடுகிறார்கள். முதல் நூற்றாண்டில் அந்தச் சமயம் தொடங்கிய விதத்தைப் பார்த்தால் இந்தக் கருத்து பொருந்தவில்லை. சிலர் ‘நாங்கள் பார்த்தோம்’ என்று சொன்னார்கள். வேறு சிலர் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டார்கள். தொடக்கம் என்பது அதுதான். அவர்கள் சொன்னது உண்மையா என்ற வழக்கை இக்கட்டுரை தீர்த்துவைக்கப் போவதில்லை. அத்தகைய ஒரு சொல் எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே முறியும் என்பதை இவற்றை முதன்முறையாகப் படிக்கிறவருக்குப் புரியும்படி சொல்வதே நோக்கம்.

பிறர் சொல்லி அறிந்தவை

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது என்பதும், அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று பிரிந்தது என்பதும் இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த நாள்களில் அவர்கள் பிறந்திருக்கவே இல்லை. ஆசிரியர் சொன்னார், பாடநூல் சொன்னது, அவ்வளவுதான். நம் பிறந்த நாளும் அப்படிப்பட்டதே. அன்று நாம் அந்த இடத்தில் இருந்தோம் என்றாலும் சாட்சி சொல்லும் நிலையில் இல்லை. தாயும் மருத்துவச்சியும் பிறப்புப் பதிவேடும் சொல்வதை வைத்தே ஆயுள் முழுவதும் படிவங்களை நிரப்புகிறோம்.

அறிவு வந்துசேரும் வழிகளை இந்தியத் தருக்க மரபு ‘அளவை’ என்று அழைத்தது. நேரில் காண்பது காண்டல். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது கருதல். தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. நியாய மரபினர் இந்த மூன்றாவதை வரையறுக்கும்போது, ‘ஆப்தன்’ என்ற நம்பத்தகுந்தவனின் சொல்லே அளவையாகும் என்று ஒரு வரம்பையும் சேர்த்தே சொன்னார்கள். காண்டலைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டோம் என்று நின்றவர்கள் சார்வாகர்கள். அவர்கள் தம் வயதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இக்கட்டுரையில் ‘சாட்சியம்’ என்பது இந்த மூன்றாவது வழியைக் குறிக்கும்: ஒரு நிகழ்ச்சியை அறியும் நிலையில் இருந்த ஒருவர், அங்கே இல்லாத இன்னொருவருக்கு அதைச் சொல்வது. ‘சாட்சி’ என்ற சொல்லே வடமொழியில் கண்ணைக் குறிக்கும் அக்ஷி என்ற சொல்லோடு தொடர்புடையது; கண்ணோடு அங்கே இருந்தவர் என்பது அதன் பொருள். நம் பகுதி ஜெபக்கூட்டங்களில் ஒருவர் எழுந்து, தமக்கு நோய் தீர்ந்ததையோ மகனுக்கு வேலை கிடைத்ததையோ சொல்வதையும் ‘சாட்சி சொல்லுதல்’ என்றே அழைக்கிறார்கள். அது ஒருவர் தம் வாழ்க்கையில் உணர்ந்ததற்கு அவரே கொடுக்கும் விளக்கம். கிறிஸ்தவத்தின் தொடக்கத்தில் இருந்த சாட்சியமோ, குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட ஆளுநரின் காலத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றைப் பற்றியது. ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால் ஒன்றின் பலமும் பலவீனமும் மற்றொன்றின்மேல் ஏறிவிடுகின்றன. இங்கே பேசப்படுவது இரண்டாவது வகை.

ஒரு சொல் எப்போது பாரம் தாங்கும்?

பிறர் சொல்லாமல் நாம் வாழ முடியாது என்பதால் எவர் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆகிவிடாது. பண்ணைக்குப் போகிறவர் அதை நன்றாகவே அறிந்திருக்கிறார். தாய்மரம் பண்ணையிலேயே இருக்கிறதா என்று கேட்கிறார். போன முறை அங்கே வாங்கிய பக்கத்துத் தோட்டக்காரருக்கு எந்தக் காய் வந்தது என்று விசாரிக்கிறார். ரகம் மாறிக் கொடுத்தால் அடுத்த ஆண்டு அந்தப் பண்ணையைத் தேடி ஆள் வராது என்பதையும் கணக்கில் வைக்கிறார். சொல்கிறவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா, உள்ளதை உள்ளபடி சொல்கிறவரா, சொன்னதைச் சரிபார்க்க ஏதாவது வழி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைத்தான் அவர் தம் பாணியில் கேட்டு முடித்திருக்கிறார்.

நீதிமன்றமும் இதையே முறைப்படுத்திச் செய்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும், அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டமும், கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றிய வாய்மொழிச் சாட்சியத்தைக் கண்டவரே வந்து சொல்ல வேண்டும் என்கின்றன. கண்டவர் இன்னொருவரிடம் சொல்லி, அந்த இன்னொருவர் கூண்டில் ஏறி ‘அவர் அப்படிச் சொன்னார்’ என்றால் அது ‘செவிவழிச் சாட்சியம்’. சில விலக்குகள் தவிர நீதிமன்றம் அதைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் ஒரு செய்தியை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று எந்த எண்ணிக்கையையும் அந்தச் சட்டங்கள் விதிக்கவில்லை. நம்பத்தகுந்த ஒரே சாட்சி போதும். நம்பத்தகாத பத்துப் பேர் போதாது.

அளவுக்கு மீறிய நம்பிக்கையைப் போலவே அளவுக்கு மீறிய ஐயமும் ஒரு குற்றம் என்பதை வள்ளுவர் ஒரே குறளில் வைத்தார்: ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.’ ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனைப் பிறகு சந்தேகிப்பதும் ஒரே தட்டில் நிற்கின்றன. அரசன் ஆளைத் தெரிந்தெடுப்பதற்குச் சொன்ன குறள்தான் என்றாலும், சாட்சியத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: சாட்சியம் என்பது அறிவுக்கான இயல்பான வழி, அது தானாகவே உண்மையாவதில்லை, அதை எடைபோடச் சாதாரண மக்களும் அறிந்த கேள்விகள் இருக்கின்றன.

அதியமானின் நெல்லிக்கனி

பழைய காலத்துச் சாட்சியத்துக்கு வருவதற்கு முன், தகடூர் என்று அன்று வழங்கிய தருமபுரியிலேயே ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். சாவை நீக்கும் நெல்லிக்கனியை அதியமான் நெடுமான் அஞ்சி தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தான் என்பது தருமபுரியில் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. அதற்கு ஆதாரம் என்ன? புறநானூற்றின் 91ஆம் பாட்டு. அதைப் பாடியவர் ஔவையார். கனியைப் பெற்றவரும் அவரே. ‘சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே’ என்று, கொடுத்தவனை முன்னிலையில் வைத்து, வாங்கியவர் தம் வாயாலேயே சொல்கிறார். நேரடிச் சாட்சியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1981இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரின் குன்றில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. சதியபுதோ என்ற பட்டம் கொண்ட அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பது அதன் செய்தி. அதுவரை பாட்டில் மட்டும் இருந்த பெயர் கல்லிலும் கிடைத்தது. அந்தப் பெயரில் ஒருவன் இருந்தான், அதியர் குடியைச் சேர்ந்தவன், கொடையளித்தான் என்பதெல்லாம் இதனால் உறுதிப்பட்டன. நெல்லிக்கனியைப் பற்றிக் கல்வெட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கனிக்குச் சாவை நீக்கும் ஆற்றல் இருந்ததா என்பதைக் கல்வெட்டு எவ்வளவு கிடைத்தாலும் தீர்மானிக்க முடியாது.

இங்கே மூன்று அடுக்குகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அதியமான் என்ற மனிதன் இருந்தான் என்பது புறச்சான்றோடு நிற்கிறது. கனியைக் கொடுத்தான் என்பது ஔவையின் சொல்லில் நிற்கிறது. கனி சாவை நீக்கும் என்பது, கொடுத்தவனும் பெற்றவரும் அதைப் பற்றிக் கொண்டிருந்த கருத்தில் நிற்கிறது. ஒரு அடுக்குக்குக் கிடைத்த ஆதாரத்தை இன்னொரு அடுக்குக்கும் சேர்த்துக் கணக்கெழுதிவிடுவதும், மேல் அடுக்கு ஐயத்துக்குரியது என்பதால் கீழ் அடுக்கையும் தள்ளிவிடுவதும் ஒரே வகைப் பிழைகள். இயேசுவைப் பற்றிய பேச்சிலும் இந்தப் பிழைகள்தான் இரு தரப்பிலும் மீண்டும் மீண்டும் நடக்கின்றன.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒரு கடிதம்

கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் உரோமை ஆளுநராக இருந்தவர் பொந்தியு பிலாத்து. அவர் ஆணையின்படி நாசரேத்தூர் இயேசு சிலுவையில் அறையப்பட்டது ஏறத்தாழ கி.பி. 30 என்றும், இல்லை 33 என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். நான்கு நற்செய்தி நூல்களே இதற்கு முதல் எழுத்து ஆதாரம் என்று பலர் எண்ணுகிறார்கள். அவற்றில் முந்தியதான மாற்கு நற்செய்தி கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. அதற்கு முன்பே, தொடக்ககாலச் சபைகளை நிறுவியவர்களில் ஒருவரான பவுல் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன.

கி.பி. 53க்கும் 55க்கும் இடையே, கிரேக்க நாட்டின் கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் ஒரு கடிதம் எழுதினார். அதன் 15ஆம் அதிகாரத்தில், தான் பெற்றுக்கொண்டதையே அவர்களுக்கும் ஒப்படைத்ததாக நினைவூட்டிவிட்டு, ஒரு பட்டியலைக் கொடுக்கிறார்: கிறிஸ்து இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், பேதுருவாகிய கேபாவுக்குத் தோன்றினார், பின்பு பன்னிருவருக்கு, பின்பு ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர்களுக்கு ஒரே நேரத்தில், பின்பு யாக்கோபுக்கு, பின்பு திருத்தூதர் அனைவருக்கும், எல்லாருக்கும் கடைசியாகத் தமக்கும். ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், சிலர் இறந்துவிட்டார்கள் என்றும் இடையில் சேர்க்கிறார்.

‘பெற்றுக்கொண்டேன், ஒப்படைத்தேன்’ என்ற இந்த இரட்டைச் சொல் யூத ஆசிரிய மரபில் வழங்கியது. குருவிடமிருந்து வாய்மொழியாகக் கற்ற பாடத்தைச் சொல் சிதையாமல் மாணவனிடம் கொடுப்பதை அது குறிக்கும். இதை ‘மரபு ஒப்படைப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலின் முற்பகுதி பவுலின் வழக்கமான நடையிலிருந்து வேறுபட்டு, மனப்பாடத்துக்கு ஏற்ற சிறு சிறு தொடர்களாக இருப்பதால், அவர் கடிதம் எழுதுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது உருவாகிவிட்டது என்பதில் கிறிஸ்தவரல்லாத ஆய்வாளர்களும் பெரிதும் உடன்படுகிறார்கள்.

பவுல் இதை யாரிடமிருந்து பெற்றார்? அவர் இயேசுவின் சீடராக இருந்தவரல்லர். தொடக்கத்தில் சபையைத் துன்புறுத்தியவர். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், தாம் மனம் மாறிய மூன்று ஆண்டுகளுக்குப் பின் எருசலேமுக்குச் சென்று கேபாவோடு பதினைந்து நாள் தங்கியதாகவும், ஆண்டவரின் சகோதரரான யாக்கோபையும் கண்டதாகவும் சொல்லிவிட்டு, ‘நான் பொய் சொல்லவில்லை’ என்று கடவுள் முன்னிலையில் ஆணையிடுகிறார். பட்டியலில் தனியாகப் பெயர் சொல்லப்பட்ட இருவரும் அந்தப் பதினைந்து நாளில் அவர் நேரில் கண்டவர்கள். அந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்பதை அவர் எழுதிவைக்கவில்லை. பதினைந்து நாளும் வானிலையைப் பற்றி மட்டும் பேசியிருப்பார்கள் என்று நினைப்பது கடினம்.

இந்தக் கடிதத்தை முன்பு சொன்ன மூன்று கேள்விகளிலும் நிறுத்திப் பார்க்கலாம். தமக்குத் தோன்றியதைப் பற்றிப் பவுல் சொல்வது நேரடிச் சாட்சியம். கேபாவையும் யாக்கோபையும் பற்றிச் சொல்வது செவிவழிச் சாட்சியம். ஆனால் இடையில் வேறு ஆளில்லாமல் அவர்களையே சந்தித்தவர் சொல்வது. ஐந்நூறு பேரைப் பற்றிய செய்தியில் ஒரு பெயரும் இல்லை, ஓர் ஊரும் இல்லை. உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்வது ‘வேண்டுமானால் போய்க் கேளுங்கள்’ என்ற அழைப்பைப் போல ஒலிக்கிறது என்பது உண்மை. கொரிந்திலிருந்து கடல் கடந்து பாலஸ்தீனத்துக்குப் போய்க் கேட்டுவர எத்தனை பேரால் முடிந்திருக்கும் என்பதும் அதே அளவுக்கு எழும் கேள்வி. மேலும் ‘தோன்றினார்’ என்ற வினையோடு பவுல் நிறுத்திக்கொள்கிறார். எந்த உருவில், எந்த நேரத்தில், என்ன சொன்னார் என்ற விவரம் அந்தப் பட்டியலில் இல்லை.

சுருங்கச் சொன்னால், ‘நூற்றாண்டுகள் கழித்து யாரோ புனைந்த கதை’ என்ற கருத்தை இந்தக் கடிதம் அசைத்துவிடுகிறது. நடந்தது என்ன என்ற கேள்வியை அது முடித்துவைக்கவில்லை.

பெண்கள் சொன்னதும் நான்கு நூல்கள் எழுதியதும்

நான்கு நற்செய்தி நூல்களும் கல்லறை வெறுமையாக இருந்ததை முதலில் கண்டவர்களாகப் பெண்களையே சொல்கின்றன. மகதலா மரியாவின் பெயர் நான்கிலும் வருகிறது. பெண்களின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு தம் நூலில் சட்டத்தை விளக்கும்போது எழுதியிருக்கிறார். அத்தகைய சமூகத்தில் கதை கட்டுகிறவர்கள் ஊர் மதிக்கும் ஆண்களையே முதலில் நிறுத்தியிருப்பார்கள், எனவே இது கட்டியதாக இருக்க முடியாது என்பது அடிக்கடி சொல்லப்படும் வாதம். அதற்கு எடை உண்டு. அந்தப் பெண்களின் பேச்சைத் திருத்தூதர்களே பிதற்றலாக எண்ணி நம்பவில்லை என்று லூக்கா மறைக்காமல் எழுதியிருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மறுபக்கத்தில், பவுல் கொடுத்த பட்டியலில் அந்தப் பெண்களின் பெயர் இல்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரண்டு முழுப் பிரதிகளில் மாற்கு நற்செய்தி, அந்தப் பெண்கள் அச்சத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்ற வரியோடு நின்றுவிடுகிறது.

வேறுபாடுகளும் இருக்கின்றன. கல்லறைக்குப் போனவர்கள் மத்தேயுவில் இருவர், மாற்கில் மூவர். யோவானில் பெயர் சொல்லப்படுகிறவர் மகதலா மரியா ஒருவரே. அங்கே இருந்தவர் ஓர் இளைஞர், ஒரு வானதூதர், இரண்டு ஆண்கள், இரண்டு வானதூதர்கள் என்று நூலுக்கு நூல் மாறுகிறது. தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் பார்த்தவர்கள் நேரத்தையும் வண்டியின் நிறத்தையும் வெவ்வேறாகச் சொல்வார்கள். லாரி கவிழ்ந்தது என்பதில் அதனால் ஐயம் வராது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகச் சொன்னால்தான், சொல்லிக்கொடுத்து அழைத்துவந்திருக்கிறார்கள் என்று காவல் ஆய்வாளர் சந்தேகிப்பார். இந்த ஒப்புமை ஓரளவுக்குப் பொருந்தும். ஆனால் முரண்பாடு இருப்பதே உண்மைக்கு அடையாளம் என்று அதை நீட்டிவிடக் கூடாது, பொய்யர்களும் முரண்படுவார்கள்.

அதைவிட முக்கியமானது எண்ணிக்கை. மத்தேயுவும் லூக்காவும் மாற்கின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஒரே செய்தி நிறுவனத்தின் செய்தியை மூன்று நாளிதழ்கள் வெளியிட்டால் மூன்று சாட்சிகள் ஆகிவிடாது அல்லவா? எனவே நற்செய்திகள் ஒத்துப்போகிற ஒவ்வோர் இடத்திலும் நான்கு தனிச் சாட்சிகள் கிடைத்துவிட்டதாகக் கணக்கிடுவது தவறு. தாம் நேரில் கண்டவரல்லர் என்பதை லூக்கா தம் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்: தொடக்கமுதல் கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்ததை விசாரித்து, ஒழுங்குபடுத்தி எழுதுவதே தம் பணி என்கிறார். அந்த முன்னுரையில் ஒரு விசாரணைக்காரரின் குரல் கேட்கிறது என்பது என் எண்ணம்.

சபைக்கு வெளியிலிருந்தும் இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு கொல்லப்பட்டதை யோசேப்பு, கி.பி. 93ஐ ஒட்டி முடித்த நூலில் குறிப்பிடுகிறார். இயேசுவைப் பற்றியே அவர் எழுதிய இன்னொரு பகுதியில் பிற்காலக் கிறிஸ்தவப் படியெடுப்பாளர்கள் கைவைத்திருக்கிறார்கள் என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உரோமை வரலாற்றாசிரியர் தாசித்து கி.பி. 116 அளவில், பேரரசர் திபேரியுவின் ஆட்சியில் பிலாத்துவால் கிறிஸ்து தண்டிக்கப்பட்டதை எழுதுகிறார். அந்தக் கூட்டத்தின்மீது அவருக்கு அருவருப்பே தவிர அன்பில்லை. இவை ஜம்பைக் கல்வெட்டைப் போன்றவை. ஆள் இருந்தார், கொல்லப்பட்டார், அவரைப் பின்பற்றினவர்கள் இருந்தார்கள் என்பதுவரை இவை தாங்கும். உயிர்த்தெழுதல் என்ற மேல் அடுக்கை இவற்றின்மேல் ஏற்ற முடியாது.

உயிரைக் கொடுத்தால் உண்மையாகிவிடுமா?

‘பொய்க்காக யாராவது சாவார்களா?’ என்பது பிரசங்கங்களில் மிகவும் விரும்பப்படும் கேள்வி. சாட்சி என்பதற்கான கிரேக்கச் சொல் ‘மார்ட்டுஸ்’. விசுவாசத்துக்காக இறந்தவர்களையும் பிற்காலத்தில் அதே சொல்லால் அழைத்ததால், சாட்சியமும் சாவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

தருமபுரி அருங்காட்சியகத்திலும், இவ்விரு மாவட்டங்களின் வயல்வெளிகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. இன்ன மன்னனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், ஆநிரையை மீட்கப் போரிட்டு இன்னான் பட்டான் என்று அவை சொல்கின்றன. அந்த வீரன் கொண்ட நோக்கத்தில் உறுதியாக இருந்தான் என்பதை அவன் சாவு காட்டுகிறது. அந்த மாடுகள் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை அது தீர்ப்பதில்லை. திருத்தூதர்களின் சாவும் அதே அளவுக்குத்தான் பேசுகிறது: தாங்கள் சொன்னதை அவர்கள் நம்பினார்கள், ஏமாற்றும் நோக்கம் இல்லை. நேர்மையான மனிதரும் தவறாகக் காணக்கூடும் என்ற வாய்ப்பு அப்படியே நிற்கிறது. எல்லாத் திருத்தூதரும் எப்படி இறந்தார்கள் என்பதும் சமமான உறுதியோடு தெரிந்ததன்று. செபதேயுவின் மகன் யாக்கோபின் சாவு திருத்தூதர் பணிகள் நூலில் இருக்கிறது. இயேசுவின் சகோதரரான யாக்கோபின் சாவை யோசேப்பு சொல்கிறார். பேதுரு, பவுல் இருவரின் சாவுக்கும் முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய சான்று உண்டு. மற்றப் பலரைப் பற்றிய செய்திகள் பிற்கால மரபுகள்.

ஒரே சாட்சியம், இரண்டு தீர்ப்புகள்

இவ்வளவையும் படித்த இரண்டு நேர்மையான மனிதர்கள் ஏன் வெவ்வேறு முடிவுக்கு வருகிறார்கள்? ஒகேனக்கல்லில் வெள்ளம், பரிசல் ஓட்டத் தடை என்று பேருந்தில் ஒருவர் சொன்னால் மறுபேச்சின்றி ஏற்கிறோம். காவிரி அங்கே அருவியில் கீழிருந்து மேலே ஏறிப் பாய்ந்தது என்று அதே மனிதர் சொன்னால், அவர் நேற்றுவரை நம்பிக்கைக்கு உரியவராக இருந்தாலும் ஏற்கமாட்டோம். மனிதர் மாறவில்லை, சொல்லப்பட்ட செய்தி நடக்கக்கூடியதா என்பதைப் பற்றி, அது காதில் விழுவதற்கு முன்பே நம்மிடம் இருந்த கணிப்புதான் வேலை செய்கிறது. இதை ‘முன்கணிப்பு’ என்று அழைக்கலாம்.

ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1748இல் இதையே கூர்மையாக்கினார்: ஓர் அற்புதத்துக்கான சாட்சியம் பொய்யாக இருப்பது அந்த அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் ஒழிய அதை ஏற்க முடியாது என்றார். இறந்தவர் எழுவதில்லை என்பது மனித குலத்தின் சீரான அனுபவம் என்று தொடங்குகிறவருக்கு எந்தச் சாட்சியமும் போதாமல் போகலாம். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் இருக்கிறார், அவர் செயல்படக்கூடும் என்று தொடங்குகிறவருக்கு அதே சாட்சியம் போதுமானதாகலாம். இருவரும் ஒரே கடிதத்தைத்தான் படிக்கிறார்கள். இவர்களில் ஒருவரை மூடர் என்றும் மற்றவரைப் பிடிவாதக்காரர் என்றும் சொல்லிவிடுவது எளிது. உண்மையில் அவர்களின் கருத்துவேறுபாடு சாட்சிகளைப் பற்றியதாக இல்லாமல், அதற்கு முந்தைய ஒரு கேள்வியைப் பற்றியதாக இருக்கிறது. சான்றுகளை மட்டும் அடுக்கி நடத்தும் விவாதங்கள் முடிவில்லாமல் நீளுவது இதனால்தான்.

அதை நம்புதல், அவரை நம்புதல்

சாட்சியத்தை ஏற்பதும் விசுவாசமும் ஒன்றா? தமிழே இதற்கு உதவுகிறது. ‘அவர் சொன்னதை நம்புகிறேன்’ என்பது ஒரு செய்தியைப் பற்றியது. ‘உங்களை நம்பித்தான் வந்திருக்கிறேன்’ என்று திருமணமாகி வந்த பெண்ணோ, கடன் கொடுத்தவரோ சொல்வது வேறு. அங்கே ஒருவர் தம் பாரத்தையே இன்னொருவர்மேல் இறக்கிவைக்கிறார். முதலாவது மூளையின் ஒப்புதல். இரண்டாவது ஒரு உறவு, அதில் இழப்பதற்கும் ஏதோ ஒன்று இருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் வரும் ‘பிஸ்டிஸ்’ என்ற கிரேக்கச் சொல் நம்பிக்கை, நம்பகத்தன்மை, உண்மையோடு நிற்றல் ஆகிய மூன்றையும் தழுவியது. பழைய தமிழ் வேதாகமத்தில் பழகிய சீர்திருத்தச் சபையார் அதை விசுவாசம் என்கிறார்கள். இன்றைய பொது மொழிபெயர்ப்பைப் படிக்கிறவர்கள் நம்பிக்கை என்கிறார்கள். 1997இல் உருவாகி இவ்விரு மாவட்டங்களையும் உள்ளடக்கியிருக்கும் தருமபுரி மறைமாவட்டத்துக் கோயில்களில் திருப்பலியின்போது ஒலிக்கும் நம்பிக்கை அறிக்கையும், பக்கத்துத் தெருச் சபையின் விசுவாசப் பிரமாணமும் ஒரே வேரிலிருந்து வருபவை. இக்கட்டுரையில் விசுவாசம் என்பது, ஒரு சாட்சியத்தை ஏற்றதன் பின், அந்தச் சாட்சியம் சுட்டுகிற ஆளின்மேல் வைக்கும் நம்பிக்கையைக் குறிக்கிறது.

ஆக, வரிசை இப்படி அமைகிறது: நிகழ்ச்சியைக் கண்டதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள், அவர்களின் சொல் ஒப்படைக்கப்பட்டது, கேட்டவர்கள் சொன்னவர்களை எடைபோட்டு ஏற்றார்கள், அல்லது மறுத்தார்கள், ஏற்றவர்களில் சிலர், சொல்லப்பட்ட அந்த ஒருவரை நம்பினார்கள். முதல் மூன்று படிகளை வரலாறும் தருக்கமும் ஆராயலாம். நான்காவது படியில் அவை வெளியே நிற்கின்றன.

தோமாவும் சமாரியரும்

ஆதாரம் கேட்பது தவறு என்பதற்கு மேற்கோளாகக் காட்டப்படுகிறவர் தோமா. யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், மற்றச் சீடர்கள் ‘ஆண்டவரைக் கண்டோம்’ என்று சொன்னபோது, ஆணிகளின் தழும்பைப் பார்த்துத் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்கிறார். எட்டு நாளுக்குப் பின் இயேசு தோன்றி, காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர் என்கிறார். ஆதாரமின்றி நம்புகிறவர்களே மேலானவர்கள் என்று இந்த வரியைப் படிப்பது வழக்கம்.

அதற்கு அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படித்தால் வேறு பொருள் தெரிகிறது. இயேசு செய்த வேறு பல அடையாளங்கள் இந்நூலில் எழுதப்படவில்லை, நீங்கள் நம்புவதற்காகவே இவை எழுதப்பட்டன என்கிறார் யோவான். காணாமல் நம்புவோர் என்பவர்கள், எழுதிவைக்கப்பட்ட சாட்சியத்தைத் தவிர வேறு வழியில்லாத பிந்தைய தலைமுறையினர். தோமா தள்ளிவிட்டது எதை? தம்மோடு கூடவே இருந்து, தமக்கு நன்றாகத் தெரிந்த பத்து நண்பர்களின் ஒருமித்த சொல்லை. தெளிந்தான்கண் ஐயுறவு என்பதற்கு அவர் அருகில் வருகிறார். இயேசுவோ அவர் கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பிவிடவும் இல்லை. கையை நீட்டச் சொல்கிறார்.

அதே நூலின் 4ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண் ஒருத்தி கிணற்றடியில் இயேசுவோடு பேசிவிட்டு, குடத்தை அங்கேயே விட்டு ஊருக்குள் ஓடுகிறாள். அவள் சொன்னதைக் கேட்டு ஊரார் பலர் நம்புகிறார்கள். இயேசு அங்கே இரண்டு நாள் தங்குகிறார். பிறகு அந்த ஊரார் அவளிடம், இனி உன் பேச்சைக் கேட்டு நாங்கள் நம்பவில்லை, நாங்களே கேட்டு அறிந்துகொண்டோம் என்கிறார்கள். சந்தூரில் கன்று வாங்கியவரும் நான்காம் ஆண்டில் பண்ணைக்காரரிடம் இதைத்தான் சொல்லக்கூடும்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவர் தோட்டத்துச் செந்தூராவைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு கீற்று வாங்கித் தின்று பார்த்துவிடலாம். சமாரியர் தாங்களே அறிந்ததாகச் சொன்னதை அப்படி வெட்டிக் கையில் கொடுக்க முடியாது. அடுத்த ஊருக்கு அவர்கள் போனபோது, அந்தப் பெண்ணைப் போலவே, அவர்களும் வெறும் சொல்லோடுதான் போயிருப்பார்கள். கேட்டவர்களும் இவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு உண்டா, உள்ளதைச் சொல்கிறவர்களா என்று முதலிலிருந்து விசாரித்திருப்பார்கள்.